வரப்பு இருந்தாத்தான் தகராறு

கொங்கு நாட்டுல எந்த ஊர் முன்சீப் கோர்ட்டுக்கு வேணும்னாலும் ஒரு நாள் போய் உக்காந்து பாருங்க. வரப்பை ஒரு முழம் நகர்த்திட்டான், வண்டித் தடத்தை அடைச்சுட்டான், பொதுக் கெணத்துல மொறை மாறித் தண்ணி எறைச்சுட்டான்னு வழக்குக வந்துக்கிட்டே இருக்கும். ஆனா ஒண்ணு கவனிக்கணுமுங்க. இருபது மைல் தள்ளிக் காடு வெச்சிருக்கறவன் மேல யாரும் வரப்பு வழக்கு போடறதில்லை. தகராறு பண்ணணும்னா பக்கத்துக் காடா இருக்கணும். தெனமும் அவன் மூஞ்சியில முழிக்கணும். அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய்யும் எழுதணும்.

விளையாட்டு லீக்குகளோட ருசியும் இதேதான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு நெனப்பு. எந்த டீம் நல்லா ஆடுது, எவ்வளவு பணம் போட்டிருக்காங்க, எந்த டிவியில வருதுங்கறதெல்லாம் அப்புறம். பக்கத்து ஊர்க்காரன் எதிர்ப்பக்கம் நிக்கறானா? அதுதான் மொதல் கேள்வி. இதைக் கொஞ்சம் வரலாறோட எழுதிப் பாக்கலாம்னு இந்தப் பதிவு. கோயமுத்தூர்ல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மெட்ராஸ் வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வரணும்.

*

1934, நவம்பர் 4. சேப்பாக்கம். ரஞ்சி டிராபியோட முதல் மேட்ச். மெட்ராசும் மைசூரும் மோதினாங்க. ஒரே நாள்ல ஆட்டம் முடிஞ்சு போச்சு! ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்து மைசூரைச் சுருட்டிட்டார். இந்தியாவோட உள்ளூர் கிரிக்கெட்டே ஒரு பக்கத்துக் காட்டுத் தகராறுலதான் பொறந்துச்சுன்னு சொன்னா தப்பில்லை.

அது தற்செயலா நடந்ததும் இல்லை. நாட்டை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குன்னு மண்டலமாப் பிரிச்சு, மொதல்ல மண்டலத்துக்குள்ள மோதிக்கங்க, ஜெயிச்சவங்க வெளிய வாங்கன்னு வெச்சாங்க. ஆட்டக்காரங்க ரயில்ல போய்த்தான் ஆடணும்ங்கற காலத்துல இது ரொம்ப நடைமுறையான ஏற்பாடு. 1957-58ல மண்டலத்துக்குள்ள நாக்-அவுட்டுக்குப் பதிலா லீக் வந்துச்சு. அதாவது தெற்கு மண்டலத்துல இருக்கற எல்லா டீமும் வருசா வருசம் ஒருத்தரோட ஒருத்தர் ஆடியே ஆகணும். மெட்ராஸ், மைசூர், ஹைதராபாத், ஆந்திரா, கேரளா, பின்னாடி கோவாவும். மெட்ராஸ் தமிழ்நாடு ஆச்சு, மைசூர் கர்நாடகா ஆச்சு. தகராறு மட்டும் மாறலை.

செலவைக் குறைக்கறதுக்காக வந்த ஏற்பாடு, தெரிஞ்சோ தெரியாமலோ இன்னொரு வேலையையும் செஞ்சுது. “போன வருசம் நீ என்ன பண்ணினே தெரியுமா”ங்கற நினைவை அது உண்டாக்குச்சு. கணக்கு அடுத்த வருசத்துக்கு பாக்கி நிக்கும். கணக்கு பாக்கி நின்னாத்தானுங்க ஆட்டத்தைப் பாக்க ஆளு வரும்.

இப்படி ஊரை வெச்சு லீக் பிரிக்கறது நம்ம நாட்டுல மட்டும் நடந்த விசயம் இல்லீங்க. இதை இன்னும் பெருசாப் பண்ணிப் பார்த்து, அப்புறம் கலைச்சும் பார்த்தவங்க அமெரிக்காக்காரங்க.

*

அங்க காலேஜ் ஃபுட்பால்னு ஒண்ணு இருக்கு. நாம ஆடற கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைத் தூக்கிட்டு ஓடறது. நம்மூர்ல காலேஜ் டீம் ஆடற மேட்சைப் பாக்க அந்தக் காலேஜ் பசங்களே முழுசா வரமாட்டாங்க. அங்க ஒரு லட்சம் பேர் உக்கார்ற காலேஜ் ஸ்டேடியம் பல இருக்கு. அந்தக் காலேஜுகள் எல்லாம் ‘கான்ஃபரன்ஸ்’னு கூட்டங்கூட்டமாச் சேர்ந்து ஆடும். நம்ம மண்டலம் மாதிரியே. பிக் டென்ங்கற கான்ஃபரன்ஸ் 1896ல ஆரம்பிச்சது. சிகாகோவைச் சுத்தி இருக்கற மத்திய மேற்குப் பல்கலைக்கழகங்கள் ஏழு சேர்ந்து ஆரம்பிச்சாங்க. ரயில் போற தூரம்தான் இங்கேயும் கணக்கு.

அங்க மிச்சிகனும் ஒஹையோ ஸ்டேட்டும் 1897லேர்ந்து மோதிக்கறாங்க. அந்தப் பகைக்குக் காரணத்தைத் தேடிப் போனா நமக்குச் சிரிப்பு வரும். 1835ல மிச்சிகனுக்கும் ஒஹையோவுக்கும் நடுவுல டொலீடோங்கற ஊரு இருக்கற ஒரு துண்டு நெலம் யாருக்குன்னு சண்டை. ரெண்டு பக்கமும் படை தெரட்டிட்டுக் கிளம்பிட்டாங்க. சாட்சாத் வரப்புத் தகராறு! கடைசில காங்கிரஸ் பஞ்சாயத்து பண்ணி டொலீடோவை ஒஹையோவுக்குக் குடுத்துட்டு, மிச்சிகனுக்கு வடக்கே வேற ஒரு பெரிய நெலத்தைக் குடுத்துச்சு. 1837ல மிச்சிகன் மாநிலம் ஆச்சு. அந்தப் பஞ்சாயத்து முடிஞ்சு இத்தனை வருசமாகியும், அந்த மேட்ச் அன்னிக்கு இந்தக் கதையை யாராவது ஒருத்தர் எடுத்து விடாம இருக்கறதில்லை.

தெற்கு மாநிலங்களோட எஸ்.ஈ.சி. கான்ஃபரன்ஸ்ல இன்னொரு வேடிக்கை. உள்ளுக்குள்ள வெட்டுப்பழி குத்துப்பழி. ஆனா வெளி மண்டலத்து டீமை அவங்கள்ல ஒருத்தர் ஜெயிச்சா, “எஸ்-ஈ-சி, எஸ்-ஈ-சி”ன்னு கூட்டமே கத்தும். பங்காளிகளுக்குள்ள ஆயிரம் இருந்தாலும் வெளியாள் கை வெச்சா ஒண்ணாயிடறாங்கல்ல, அதே கதை.

அப்புறம் டிவி பணம் வந்துச்சு. 1984ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒண்ணு, ஒளிபரப்பு உரிமையைக் காலேஜுகளும் கான்ஃபரன்சுகளும் தாங்களே வித்துக்கலாம்னு ஆக்கிடுச்சு. அன்னிலேர்ந்து எந்தக் கூட்டத்துல சேர்ந்தா எவ்வளவு வரும்ங்கற கணக்குதான். 2024ல அது உச்சத்துக்குப் போச்சு. பசிபிக் கடலோரத்துல இருக்கற யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ., ஆரிகன், வாஷிங்டன் நாலும் பிக் டென்ல சேர்ந்துட்டாங்க. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் சேர்ந்தது எதுல தெரியுமா? அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்ல! மங்களூர்ல உக்காந்துக்கிட்டு வங்காள விரிகுடா சங்கத்துல மெம்பர் ஆன மாதிரி. நூறு வருசத்துக்கு மேல இருந்த பசிபிக் கூட்டத்துல மிஞ்சினது ரெண்டே ரெண்டு காலேஜ்.

இதுல என்ன போச்சுன்னு கேப்பீங்க. கான்சாசும் மிசௌரியும் 1891லேர்ந்து ஆடிட்டு இருந்தாங்க. அடிமை முறை வேணுமா வேண்டாமான்னு எல்லைக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் நெசமாவே ரத்தம் சிந்தின பூமி அது. மிசௌரி 2012ல எஸ்.ஈ.சி.க்கு மாறினதும் அந்த மேட்ச் நின்னு போச்சு. மறுபடி ஆடினது 2025ல. இடையில வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்தப் பகையோட ருசியே தெரியாது.

*

சரி, நம்ம கதைக்கு வருவோம். ரஞ்சியிலயும் இதே மாதிரி ஒண்ணு நடந்துச்சு. காரணம்தான் வேற.

2002-03ல மண்டலத்தைக் கலைச்சாங்க. எலைட், பிளேட்னு தரம் பார்த்துப் பிரிச்சாங்க. இதுல நியாயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். பலமான மண்டலத்துல மாட்டிக்கிட்ட நல்ல டீம் வெளிய வராமலே போகும். பலவீனமான மண்டலத்துல சுமாரான டீம் சுலபமா மேல வந்துடும். இந்த மாத்தத்துக்கு அப்புறம்தான் விதர்பா மாதிரி டீமெல்லாம் கோப்பை தூக்குச்சு. மண்டல காலத்துல ‘பாயிண்ட் சேத்தற மேட்ச்’னு நாம இளக்காரமாப் பார்த்த கேரளா, 2024-25ல முதல் தடவையா ஃபைனலுக்கே வந்துச்சு. மொதல் இன்னிங்ஸ் பின்தங்கினதால விதர்பாகிட்டக் கோப்பை போச்சு, அவ்வளவுதான். தரத்துக்கு நல்லதுதானுங்க.

ஆனா ருசிக்கு? தமிழ்நாடு - கர்நாடகா வருசா வருசம் கட்டாயம்ங்கறது போயி, குரூப் அமைஞ்சா உண்டு, அமையலைன்னா இல்லைன்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம் இந்த ரெண்டு டீமும் ஃபைனல்ல மோதினதைப் பாருங்க. 2014-15 ரஞ்சி ஃபைனல், கருண் நாயர் 328 அடிச்சு நம்மளை இன்னிங்ஸ் தோல்வியில அனுப்பினார். நடந்தது மும்பை வான்கடேயில. 2019 டிசம்பர்ல சையத் முஷ்டாக் அலி ஃபைனல், ஒரே ஒரு ரன்ல தோத்தோம். நடந்தது சூரத்ல. 2021 நவம்பர்ல அதே கோப்பை, கடைசிப் பந்துக்கு அஞ்சு ரன் வேணும், ஷாருக்கான் (நம்ம தமிழ்நாட்டு ஷாருக்குங்க!) சிக்ஸ் அடிச்சு பழி தீர்த்தார். நடந்தது டெல்லியில. 2019 விஜய் ஹசாரே ஃபைனல் ஒண்ணுதான் பெங்களூர்ல.

நெனச்சுப் பாருங்க. ரெண்டு பங்காளிக சண்டை போட மூணாவது ஊர்ல, மூணாமத்தவங்க வீட்டுத் திண்ணைக்குப் போறாங்க. அந்தச் சிக்ஸ் சேப்பாக்கத்துல விழுந்திருந்தா எப்படி இருந்திருக்கும்?

*

இதுல கோயமுத்தூருக்கு என்ன பங்குன்னு இப்பச் சொல்றேன். நம்மூரு ரொம்ப காலமா ஒரே ஒரு வேலைதான் பார்த்துட்டு இருக்கு. மைதானத்தை வாடகைக்கு விடற வேலை.

2022 செப்டம்பர்ல துலீப் டிராபி ஃபைனல் எஸ்.என்.ஆர். காலேஜ் கிரவுண்ட்ல நடந்துச்சு. தெற்கு மண்டலமும் மேற்கு மண்டலமும். ஜெய்ஸ்வால் 265 அடிச்சதும், தெற்கு பேட்ஸ்மேனை அவர் ஓயாம வம்புக்கு இழுத்ததால கேப்டன் ரஹானே அவரைக் கிரவுண்டை விட்டே வெளிய அனுப்பினதும் இந்த மேட்ச்லதான். மேற்கு மண்டலம் 294 ரன்ல ஜெயிச்சுது. தெற்கு மண்டலக் கேப்டன் ஆந்திராவோட ஹனுமா விஹாரி. சதம் அடிச்ச இந்திரஜித் நம்ம ஆளு. ‘தெற்கு மண்டலம்’ங்கற பேருக்காக யாரும் ராத்திரி தூக்கம் கெட்டுப் போக மாட்டாங்க. எஸ்.ஈ.சி. கத்தற மாதிரி இங்க யாரும் கத்தவும் மாட்டாங்க. மண்டலத்துக்குள்ள வருசா வருசம் அடிச்சுக்கிட்டாத்தான் வெளியாள் வர்றப்ப ஒண்ணு சேரத் தோணும். உள்ளுக்குள்ள நடக்கற அடிதடியை 2002லயே எடுத்துட்டோம், பேரு மட்டும் மிச்சம். 2024ல அதையும் எடுத்துட்டு துலீப் டீமுகளை ஏ, பி, சி, டின்னு ஆக்கினாங்க. ஒரே வருசம். 2025ல மறுபடி மண்டலம் வந்துடுச்சு. எழுத்துக்குச் சொந்த ஊர் கிடையாதில்லீங்களா.

அடுத்து சென்னை சிட்டி எஃப்.சி. கதை. இதை வெளியூர்க்காரங்ககிட்டச் சொன்னா நம்ப மாட்டாங்க. 1946ல நுங்கம்பாக்கத்துல ஒரு கிளப்பா ஆரம்பிச்சது. 2016-17ல ஐ-லீக்குக்கு வந்துச்சு. அடுத்த சீசன்லயே சொந்த மைதானம் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியம்னு மாத்திக்கிட்டாங்க. பேரு சென்னை, ஆடறது சென்னையிலேர்ந்து 500 கிலோமீட்டர் தள்ளி.

2019 மார்ச் 9. ஐ-லீக் கடைசி நாள். சென்னை சிட்டி ஜெயிச்சாக் கோப்பை. தடுக்கி விழுந்தா, அதே நேரத்துல கோழிக்கோட்டுல கோகுலம் கேரளாவோட ஆடிட்டிருக்கற ஈஸ்ட் பெங்கால் தூக்கிட்டுப் போயிடும். நேரு ஸ்டேடியத்துல மூணாவது நிமிசமே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுட்டாங்க. ரெண்டாவது பாதியில பெட்ரோ மான்சி பெனால்டில சமன் பண்ணினார். அப்புறம் அஸ்ஸாம்காரர் கௌரவ் போரா ரெண்டு கோல். 3-1. அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்காலும் ஜெயிச்சுது. ஆனாலும் 43க்கு 42, ஒரே புள்ளியில கோப்பை நம்மூர்ல தங்குச்சு. தமிழ்நாட்டு டீம் ஒண்ணு ஐ-லீக் ஜெயிச்சது அதுதான் மொதல் தடவை.

சந்தோசம்தான். ஆனா அந்த டீம் ஏன் ஊரோட ஒட்டலைன்னு யோசிச்சா, வரப்புதான் காரணம்னு எனக்குத் தோணுது. அந்த சீசன்ல 11 டீம். ஐசால், ஷில்லாங், இம்பால், ஸ்ரீநகர், கோவா, கொல்கத்தா... நம்ம பக்கத்துக் காடு யாரு? கோகுலம் ஒண்ணுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாப் போனா கோழிக்கோடு 180 கிலோமீட்டர் சொச்சம். சென்னையை விட எவ்வளவோ கிட்ட. அந்தக் கணவாய் வழியாத்தான் நமக்குக் காத்தும் வருது, மழைச் சாரலும் வருது, 1860கள்லயே ரயிலும் வந்துச்சு. மலப்புறம், கோழிக்கோடு கால்பந்துப் பைத்தியமும் அந்த வழியாவே வந்திருக்கலாம். ஆனா வருசத்துக்கு ரெண்டே மேட்ச். மத்தபடி தெற்குல பெரிய கூட்டம் சேக்கற சென்னையின், பெங்களூர், கேரளா பிளாஸ்டர்ஸ் மூணும் ஐ.எஸ்.எல்.ங்கற வேற லீக்ல. ஒரே காட்டுக்கு நடுவுல மதில் சுவரு கட்டின மாதிரி. ஜெயிச்ச அதே வருசக் கடைசிக்குள்ள ஐ.எஸ்.எல்.தான் நாட்டோட முதல் லீக்னும் ஆயிடுச்சு. அடுத்த சீசன் கொரோனாவுல பாதில நின்னுது. அதுக்கடுத்த 2020-21 முழுக்க மேற்கு வங்கத்துல, பபிளுக்குள்ள. அதுக்கப்புறம் சென்னை சிட்டி ஐ-லீக்ல இல்லை.

வேற ஊர்ப் பேரு, பக்கத்துல பகையாளி இல்லாத லீக். கோப்பை வந்தும் வேரு விடலை.

*

இப்ப டி.என்.பி.எல். 2016ல எட்டு டீமோட ஆரம்பிச்சது. லைகா கோவை கிங்ஸ் மொதல் வருசத்துலேர்ந்து இருக்கு. ஆனா கோவை கிங்ஸ் கோயமுத்தூர்ல ஆடறதுக்கு 2022 வரைக்கும் காத்திருக்க வேண்டி இருந்துச்சு. அதுவரைக்கும் நத்தம் என்.பி.ஆர். காலேஜ், திருநெல்வேலி சங்கர் நகர், சேப்பாக்கம்தான். பேரு நம்முது, மைதானம் அடுத்தவங்குளுது. சென்னை சிட்டிக்கு நேர் எதிர்!

2022ல எஸ்.என்.ஆர். கிரவுண்டுக்கு வந்தாங்க. அந்த வருச ஃபைனலும் இங்கேயே. மழை வந்து சேப்பாக் சூப்பர் கில்லீசோட கோப்பையைப் பங்கு போட்டுக்க வேண்டியதாப் போச்சு. 2023ல நெல்லையை நெல்லையிலயே வெச்சு அடிச்சு முழுசா வாங்கினாங்க.

ஆட்டக்காரங்க யாருன்னு பார்த்தா சாய் சுதர்சன், ஷாருக்கான் எல்லாம் சென்னைப் பசங்க. 2023 ஏலத்துல சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்கு எடுத்தாங்க. இதை வெச்சு “இதென்ன கோவை டீமு”ன்னு கேக்கறவங்க இருக்காங்க. நான் அதைப் பெருசா எடுத்துக்கறதில்லை. ஒஹையோ ஸ்டேட்ல ஆடற பசங்களும் எல்லாரும் ஒஹையோக்காரங்க இல்லை. எவன் ஆடறான்ங்கறதை விட எந்த ஊருக்காக, எந்த ஊருக்கு எதிரா ஆடறான்ங்கறதுதான் ஊர்க்காரனுக்கு வேணும்.

டீமுக ஊர் மாறினதையும் பாருங்க. காஞ்சி வாரியர்ஸ் திருச்சிக்குப் போச்சு. திருவள்ளூர் வீரன்ஸ் காஞ்சிக்கு வந்துச்சு. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆச்சு. காரைக்குடியில நாலு வருசம் அந்தக் காளைக்காகக் கத்தின பையன் இப்ப என்ன பண்ணுவான்? அவனுக்குத் திருப்பூர் பனியன்ல மட்டும்தான் ஒறவு. லீக் நடத்தறவங்களுக்கு இது பேரு மாத்தற ஒரு பேப்பர் வேலை. அந்தப் பையனுக்கு வரப்பையே பேத்து எடுத்துட்டுப் போன மாதிரி.

ஆனா அந்த மாத்தத்துலதான் நமக்கு ஒரு நல்லது நடந்திருக்கு. கோவைக்குப் பக்கத்துல திருப்பூர் வந்திருக்கு. 50 கிலோமீட்டர். 2009 வரைக்கும் ஒரே ஜில்லா. கலெக்டர் ஆபீசுக்கு இங்கதான் வரணும்னு இருந்தவங்க, தனி ஜில்லா வாங்கிட்டுப் போனாங்க. அவங்களுக்குப் பனியன், நமக்கு மோட்டார் பம்பு, மில்லு. ரெண்டு பக்கமும் கொள்வினை குடுப்பினை இல்லாத குடும்பம் கொறைவு. வரப்புத் தகராறுக்கு இதை விடப் பொருத்தம் வேற எங்க கெடைக்கும்? 2025ல திருப்பூர், திண்டுக்கல்லை நத்தத்துலயே வெச்சு அடிச்சு மொதல் கோப்பையையும் வாங்கிட்டாங்க. கோவைக்கும் கோப்பை, திருப்பூருக்கும் கோப்பை. சேலத்துக்கு ஒரு டீம் இருக்கு. ஈரோடு ஒண்ணுதான் பாக்கி.

கொறை என்னன்னா, 2025 சீசன் நடந்தது கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் நாலு எடத்துல. சாம்பியன் ஆன திருப்பூர்ல ஒரு மேட்ச் கூட இல்லை. கோவை - திருப்பூர் மேட்சை அட்டவணையில எங்கயாச்சும் ஒரு மூலையில போட்டு வெச்சா அது பத்தோட பதினொண்ணு. வருசா வருசம் ரெண்டு தடவை, ஒண்ணு இங்க, ஒண்ணு அங்கன்னு நிச்சயம் பண்ணி வெச்சா பத்து வருசத்துல அதுக்குன்னு ஒரு கதை சேந்துடும். தாத்தன் பேரனுக்குச் சொல்றதுக்கு ஒண்ணு கெடைக்கும்.

இது வெறும் ருசி விசயம் மட்டும் இல்லைங்கறதுனாலதான் இவ்வளவு எழுதறேன். தமிழ்நாட்டுல கிரிக்கெட் ஆடி மேல வரணும்னா சென்னை லீக்குக்குத்தான் போயாகணும்னு ரொம்ப காலமா இருக்கு. சின்னப்பம்பட்டி நடராஜனும் சேலத்துலேர்ந்து மெட்ராசுக்குப் போய் லீக் ஆடினப்புறம்தான் வெளிச்சத்துக்கு வந்தார். ஊருல ஒரு டீம், பக்கத்து ஊருல ஒரு பகையாளி, பாக்க வர்ற ஒரு கூட்டம், இது மூணும் இருந்தா அந்தப் பையன் மூட்டை கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிப்பான். கூட்டம் இருக்கற எடத்துக்குப் பந்து தேடி வரும். 2024 பிப்ரவரியில தமிழ்நாடு ரஞ்சி கால் இறுதி ஆடினது எஸ்.என்.ஆர். கிரவுண்ட்லதான், சௌராஷ்ட்ராவை இன்னிங்ஸ்ல ஜெயிச்சாங்க. அப்ப மைதானத்துக்குக் கொறை இல்லை. இனிப் பெரிய ஸ்டேடியம் கட்டினாலும் சரிதான். அதுல யாரு யாரோட மோதறாங்கங்கறதை மொதல்ல முடிவு பண்ணுங்கறதுதான் என் விண்ணப்பம்.

உங்க ஊருக்கு எந்த ஊரு பகையாளி? மதுரைக்குத் திண்டுக்கல்லா, நெல்லைக்குத் தூத்துக்குடியா, திருச்சிக்குத் தஞ்சாவூரா? பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க, பஞ்சாயத்தை அங்க வெச்சுக்கலாம்.

டிஸ்கி: திருப்பூர்ல எனக்கு ஒறம்பரைக எச்சு. அவங்க இதைப் படிச்சுட்டு தீபாவளிக்கு பனியன் அனுப்பறதை நிறுத்திடக் கூடாதுன்னு இப்பவே கேட்டுக்கறேன். கப்பு வாங்கினதுக்கு வாழ்த்துக்கள். அடுத்த வருசம் பாத்துக்கறோம்.